குடை பிடித்த எழுத்துகள்

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். அதற்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம். இரண்டும் ஒன்றாகத்தான் என் காதில் தங்கியிருக்கின்றன. பஸ் திரும்பியபோது உங்கள் பை சரிந்து படப் புத்தகங்கள் கொட்டின இல்லையா, அப்போது எனக்குக் கேட்டது அதுதான். இல்லை அம்மா, ஈரமாகவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். ராஜபாளையம் தாண்டினால் சாரல் உள்ளே அடிக்கத்தான் செய்யும். ஆடி மாதம்.

டீச்சரா நீங்கள்? நல்லது. கடையநல்லூர் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. நான் தென்காசி வரைக்கும். சும்மாதான். சாரல் பார்க்க. மதுரையில் ஏறும்போது கண்டக்டர்கூடக் கேட்டான். "பாட்டி, கூட ஆள் வரலியா?" என்றான். "ஆள் வரும்னு பாத்துத்தான்யா என் ஆயுசே போச்சு" என்றேன். அவனுக்கு என்ன விளங்கும்? சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

என் பெயர் உலகம்மை. பிறந்தது தென்காசி. அப்பாவும் அம்மாவும் நான் விவரம் தெரிவதற்குள் போய்விட்டார்கள். வளர்த்தது அண்ணன், ஆறுமுகநயினார். ரத வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஊரில் எந்தப் பெண்ணுக்குச் சீர் கொடுத்தாலும் எங்கள் கடைப் பித்தளைதான் போகும். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குடம் குடுக்கேன், என் பிள்ளைக்குப் படிப்பு குடுப்பேன்" என்று சொல்லிப் பாளையங்கோட்டையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். பி.ஏ. தமிழ். என்னைத் தங்கை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவர்தான் எனக்கு அதைச் செய்தார். அதனால்தான் ஆறவில்லை. வேற்று மனிதர் செய்தால் விட்டுத் தள்ளலாம்.

மாப்பிள்ளை அம்பாசமுத்திரம். ஒரிசாவில், மலைக்குள்ளே ஓர் அணைக்கட்டு வேலையில் ஓவர்சியர். நிச்சயதார்த்தத்தன்றே அண்ணன் பேசிவிட்டார். "மாப்பிள்ளை, தையில கல்யாணம். முதல் ஆடிக்கு நான் வந்து பிள்ளையை அழைச்சிட்டு வருவேன். வந்த கையோட எம்.ஏ.வுல சேத்திருவேன். அங்க உங்களுக்கும் காட்டு வேலை, சரியான வீடு கிடையாது. படிச்சு முடிச்சிட்டு வரட்டும்." இவர் உடனே, "அதுக்கென்ன அத்தான், படிக்கட்டுமே" என்றார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தங்கமான மனிதர். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பக்கத்தில் எப்படியோ தெரியாது. எங்களில் முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டு ஆள் வந்து அழைக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, பூ, சேலை எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்துக் கையில் கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டியைப் பார்சலில் போடமாட்டார்கள், இன்னொருவர் கையில் கொடுத்தும் விடமாட்டார்கள். கூடப் பிறந்தவன் தானே தூக்கி வர வேண்டும். அழைக்காமல் போகிற பெண்ணை, புருஷன் துரத்திவிட்டான் என்பார்கள், அல்லது சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள் என்பார்கள். அவ்வளவு படித்த எனக்கும் அது ரத்தத்தில் ஊறியிருந்தது.

மாசியில் இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆந்திராவில் இருக்கிற விஜயநகரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஒரு பகல் முழுவதும் ஜீப்பில் மலை ஏற வேண்டும். போனால் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். சுற்றிலும் மலை. ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நம் சாரல் மாதிரி செல்லம் கொஞ்சுகிற மழை இல்லை அது. கோபக்கார மழை. பாதை சரிந்துவிடும், தபால் வராது. இவர் வாரக் கணக்கில் அணைப் பக்கம் முகாமில் இருப்பார். பேசுவதற்கு ஒரு தமிழ் வாய் கிடையாது. அடுப்போடு பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். அடுப்பு பதில் பேசும், விறகு ஈரமாக இருந்தால்.

கல்லூரிப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கொண்டுபோயிருந்தேன். திறந்து பார்த்தால் எல்லாம் எங்கள் பழைய பாட்டுகள். கார்காலம் வந்துவிட்டது, வருகிறேன் என்றவர் வரவில்லை, வளையல் கழல்கிறது. வகுப்பில் அதை எவ்வளவு அழகாகப் படித்தோம்! அங்கே உட்கார்ந்து படித்தபோது ஒவ்வொரு வரியும் என்னைக் கேலி செய்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். பக்கத்து வீட்டு ஸ்டோர்கீப்பருடைய பெண் குனி. ஏழு வயது, முன்பல் இரண்டும் கிடையாது. மழையால் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவோ விடுவதாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பாள். பொருள் தெரியாது. ஆனால் பாருங்கள், எந்த மொழியில் பிள்ளை படித்தாலும் ஒரே ராகம்தான். கூட்டத் தெரியாத எழுத்தில் வந்து தடுக்கி நிற்கும். அப்புறம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு தரம் சத்தமாகச் சொல்லும். நான் வேலையை விட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் அவளுடைய அம்மா ஸ்நேகலதா என்னைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது நாலு இங்கிலீஷ் வார்த்தை, அதுவும் இரண்டுபேருக்கும் வேறு வேறு நாலு. குனி என் மடியில் புத்தகத்தைப் போட்டு, "மாவுசி, படி" என்பது போல விரலைத் தட்டினாள். மாவுசி என்றால் சித்தி. நான் எழுத்தைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் தலைக்கு மேலே வளைவாக ஒரு கோடு. குடை பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகிற பிள்ளைகள் மாதிரி. அந்த மழையில், அவ்வளவு குடைகளை ஒன்றாகப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் நான் சிரித்தது அன்றுதான்.

குனி பொல்லாத வாத்தியார். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவாள். பி.ஏ. படித்தவளைக் கிள்ளுகிறாயே என்று தமிழில் திட்டுவேன். அவள் அதையும் ஒரு பாடம் என்று நினைத்துத் திருப்பிச் சொல்லுவாள். "கிள்ளுயேயே." ஸ்நேகலதா அவல் பிசைந்து கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இரண்டுபேரையும் பார்த்துச் சிரிப்பாள். ஆனி முடிவதற்குள் நானே மெல்லக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர்களிடம் ஒரு மரப்பெட்டி நிறையப் பிள்ளைப் புத்தகங்கள் இருந்தன. தானாகச் சந்தைக்குப் போன பானையின் கதை. பூசணிக் கொடியோடு சண்டை பிடித்த சிட்டுக்குருவியின் கதை. எல்லாவற்றையும் படித்தேன்; விளங்காத சொல்லைக் குனி படத்தில் விரல் வைத்தோ நடித்தோ காட்டுவாள். ஒன்றைக் கண்டுகொண்டேன். பெரியவர்கள் புத்தகத்தில் காத்திருக்கிறவள் காத்திருந்துகொண்டே இருப்பாள். பிள்ளைகள் புத்தகத்தில் கடைசிப் பக்கத்துக்குள் யாராவது வந்துவிடுவார்கள். பானை வீட்டுக்கு வந்துவிடும். குருவிக்குக் கூடு கிடைத்துவிடும். அதற்காகவே படித்தேன். அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று. அண்ணன் வருகிற நாள்வரை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பெட்டிதான்.

அதில் எனக்கு உயிரான ஒன்று, ஆமைக்குஞ்சின் கதை. அவர்கள் கடற்கரையில் ஆமைகள் வந்து மணலில் முட்டையிட்டுவிட்டுப் போகுமாம். ஒரு குஞ்சு, எல்லாவற்றுக்கும் பின்னால் பொரித்தது, மணலில் தனியாகக் கிடக்கிறது. நண்டிடம் கேட்கிறது, என் அம்மா வந்தாளா? கொக்கிடம் கேட்கிறது. தாழம்புதரிடம் கேட்கிறது. நடுவில் ஒரு படம் இருந்தது, பெரிய கடல், முன்னால் புளியங்கொட்டை அளவுக்கு அந்தக் குஞ்சு. அதற்குப் பிறகு பக்கமே இல்லை. கறையான் தின்றுவிட்டது. நான் குனியின் முகத்தைப் பார்த்தேன். "அப்புறம்?" என்றேன். அந்தப் பிள்ளை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு எழுந்து நின்று நடித்துக் காட்டியது. நிலா வந்தது. அலை வந்தது. அம்மா ஆமை கடலைவிட்டு ஏறி வந்து, குஞ்சை முதுகில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிற்று. குனி தலையணையை முதுகில் கட்டிக்கொண்டு அறை முழுவதும் தவழ்ந்து காட்டினாள். அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆடி பிறக்கப் போகிறது. அண்ணன் விஜயநகரம் வந்து சேருகிற நாளுக்கு எழுதிவிட்டார். முதல் நாளே இவர் ஜீப்பில் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். "பாதை கெட்டுக் கிடக்கு. நீ எதுக்கு நனைஞ்சுக்கிட்டு? நான் போய் அத்தானைக் கூட்டிட்டு வாரேன். நீ பெட்டி கட்டி வை" என்றார். கட்டினேன். அரிசிப் பானையிலிருந்து சாவியை எடுத்துக் கல்லூரிப் புத்தகங்களை மறுபடி துடைத்து அடுக்கினேன். மறுநாள் தலைக்குக் குளித்துக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். குனியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. முன்னால் டிரைவர் அப்பலநாயுடு. பக்கத்தில் இவர். பின்னால் யாரும் இல்லை.

இவர் கையில் ஓலைப்பெட்டி இருந்தது. "அத்தான் வரலை. கடையில வேலையாம். ரயில்ல வந்த ஒரு ஆள்கிட்டக் குடுத்துவிட்டிருக்காங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இவரால் முடியவில்லை. அப்படி வருத்தம் இவருக்கு. அன்றைக்கு இவரே அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, இவர் அடுப்பங்கரைக்குள் வந்ததில்லை. அவ்வளவு இரக்கம்.

பெட்டியைத் திறந்தேன். மாம்பழக் கலரில் சேலை. அல்வா. பாக்கு. பிச்சிப்பூ வாடியிருந்தது, மணம் போகவில்லை. வெற்றிலை ஈரத்துணியில் சுற்றியிருந்தது, கிள்ளினால் சாறு வருகிறது, அப்படிப் பச்சை. துணி மாற்றி மாற்றி நனைத்துக் கொண்டுவந்தால்தான் வெற்றிலை அப்படி இருக்கும். யாரோ முன்பின் தெரியாத ரயில் மனிதர் அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்திருக்கிறார். கூடப் பிறந்தவருக்கு வர மனம் இல்லை. ஜீப்பை விட்டு இறங்கும்போது அப்பலநாயுடுகூட என்னிடம் வந்து, "மீ அன்னய்ய சால மஞ்சிவாரு, அம்மா" என்றார். உங்கள் அண்ணன் ரொம்ப நல்லவர் என்று அர்த்தம். பாவம், பார்க்காத மனிதரைப் பற்றி! தெலுங்குக்காரர்கள் மரியாதைக்கு அப்படிச் சொல்வார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வெற்றிலையைப் பற்றி நீங்கள் கேட்பது எனக்குத் தோன்றாமல் இல்லை, அம்மா. தோன்றியதை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட முடியுமா? மழைக் குளிர்ச்சி. அவ்வளவுதான்.

நான் படுத்துவிட்டேன். ஸ்நேகலதா வந்தாள். படம் வரைந்து, கையை ஆட்டி, எப்படியோ சொன்னாள். அவள் புருஷன் சிமெண்ட் லாரியில் விஜயநகரம் போகிறான், அவனோடு அவளும் நானும் போகலாம், அவளே டிக்கெட் எடுத்து என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவாள். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். அழைக்க ஆள் வராமல் எப்படிப் போவது என்பதை எந்தப் படத்தால் அவளுக்குச் சொல்வேன்? அவள் என் காலை எடுத்துத் தரையில் வைத்தாள். இது நடக்குமே என்கிற மாதிரி. நான் காலை மறுபடி மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களுக்கு நம் மரியாதை எல்லாம் தெரியாது.

அந்த மழைக்காலம் முழுவதும் ஆமைக்குஞ்சை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். நிலா வரும், அலை வரும், அம்மா வருவாள். அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதவில்லை. வந்து அழைக்க வேண்டியவர் அவர். நான் எதற்குக் கேட்க வேண்டும்? எம்.ஏ. போயிற்று. ஐப்பசியில் மசக்கை வந்தது. பிறகு புத்தகம் ஏது, பாட்டு ஏது. கல்லூரியில் என் கவிதையைப் படித்துவிட்டு எங்கள் பேராசிரியை, "உனக்குக் காது இருக்கு உலகம்மை, அதை விட்டுடாதே" என்றார். காது இருந்து என்ன? மழையைத்தான் கேட்டேன்.

அணை முடிந்து இவருக்கு மதுரையில் வேலை கிடைத்தது. மதுரைக்கு வந்த முதல் ஆடிக்கே அண்ணன் வந்தார், ஓலைப்பெட்டியும் கையுமாக. "ஏட்டி, வா, ஊருக்குப் போவோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வர வேண்டிய ஆடிக்கு வராதவங்க இப்ப எதுக்கு வந்தீங்க?"

"வந்தேன்ட்டீ. விஜயநகரம் வரைக்கும் வந்தேன்."

"வந்தவங்க ஏன் மேல வரல? பாதை உங்களைக் கடிச்சிருமா?"

அண்ணன் இவரைப் பார்த்தார். இவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்குவெட்டி ஒரு தரம் நழுவியது. "அத்தான், காப்பி ஆறுது" என்றார். என் மூத்த பையன் அண்ணன் மடியில் ஏறி மீசையை இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காப்பியைக் குடித்தார். எழுந்து போய்விட்டார். வராதவர்கள் எல்லோரும் பாதி வழி வந்தேன் என்றுதான் சொல்வார்கள். நம்புவதற்கு நான் என்ன குனியா?

அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆடிக்கும் வந்தார். நான் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வேன், போகமாட்டேன். பக்கத்துத் தெருக்காரர்கள்கூட, "உலகம்மைக்கு ஆடி பிறந்துட்டு, அண்ணன் வாராரு" என்று சிரிப்பார்கள். முடி நரைத்து, பல் விழுந்து, கம்பு ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். இவர் அந்த நாளில் வீட்டில் இருக்கமாட்டார், ஏதாவது ஜோலி வந்துவிடும். இவருக்கு மென்மையான மனது, எங்கள் சண்டையைப் பார்க்கத் தாங்காது.

இவர் இறந்த வருடமும் அண்ணன் வந்தார். வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். நான் கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு ஏன் வரல?" அவர் வெகுநேரம் சுவரில் மாட்டியிருந்த இவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என் தப்புதான்ட்டீ" என்றார். பார்த்தீர்களா? கடைசியில் அவர் வாயாலேயே வந்துவிட்டது.

அதைக்கூட ஒருவகையில் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. சில வருடத்துக்கு முன்னால் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனான். ஒரு மூலையில் ஒரிசாக் கடை. தூரத்திலேயே தெரிந்தது, குடை பிடித்த பிள்ளைகள் வரிசை. கிட்டே போனால் அதே ஆமைக்குஞ்சு, புது அட்டையில். எழுத்து மறக்கவில்லை. நின்றுகொண்டே படித்தேன். நண்டு, கொக்கு, தாழம்புதர். படம். பக்கத்தைத் திருப்பினேன்.

அம்மா வரவில்லை. தாழம்புதர் சொல்கிறது: ஆமைக்குஞ்சைக் கூட்டிப் போக யாரும் வருவதில்லை, கண்ணே, உனக்கு நாலு கால் இருக்கிறதே. குஞ்சு தானே நடந்து கடலுக்குள் போகிறது. அவ்வளவுதான் கதை.

எத்தனை வருடமாக அந்த அம்மா ஆமையை நான் நம்பிக்கொண்டிருந்தேன்! ஏழு வயதுப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடையில் நின்று அழுதேன். கடைக்காரப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மகன், "என்னம்மா, படப் புத்தகத்துக்கா அழற?" என்றான். அண்ணன் வராததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி அம்மா ஒருவரால் பொய் சொல்ல முடிகிறது? இரக்கத்தில் சொன்னாள் என்கிறீர்களா? இருக்கலாம். சிலபேர் இரக்கத்தில் சொல்வார்கள். சிலபேர் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு...

சொக்கம்பட்டி போய்விட்டதா? அப்படியென்றால் உங்கள் ஊர் வந்துவிட்டது. புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது என் மடியில் கிடந்தது. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால், தெரியாது என்றே சொல்லிவிடுங்கள்.

இதுவா? ஓலைப்பெட்டிதான். வெற்றிலை, பாக்கு, பூ. அண்ணன் வீட்டு மதினிக்கு. போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது இல்லையா. இந்தத் துணியை மட்டும் கொஞ்சம் நனைத்துத் தருகிறீர்களா, உங்கள் பாட்டில் தண்ணீரில்? மதுரையில் நனைத்தது, காய்ந்துவிட்டது.

அண்ணன் இந்த ஆடிக்கு வரவில்லை. பங்குனியிலேயே இறந்துவிட்டார்.